வில்லைத் தொலைத்த வில்லுப்பாட்டு: சின்ன மிக்ஸர் வாங்குவது பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

என்னிடம் ஒரு ஒலிப்பதிவு இருக்கிறது. இரண்டே முக்கால் மணி நேரம். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் ஒரு முதிய புலவர் பாடிய வில்லுப்பாட்டு. குரல் சுத்தமாக விழுந்திருக்கிறது. அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். பின்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பது கேட்கும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்காது. வில்லு.

மணிகள் கட்டிய வில், அதை அடிக்கும் வீசுகோல், வில்லைத் தாங்கும் குடம், பக்கத்தில் உடுக்கை, எல்லாமே எங்கோ பக்கத்துத் தெருவில் நடப்பது மாதிரி மங்கலாக இருக்கும். வில்லுப்பாட்டில் வில்லையே காணோம்.

இது யார் தப்பு என்று ரொம்ப நாள் யோசித்தேன். மைக் செட்காரரின் தப்பு இல்லை. அவருடைய மிக்ஸரின் தப்பும் இல்லை. தப்பு என்னுடையது. ஆனால் அந்தத் தப்பைச் செய்ய எனக்கு உதவி செய்தது ஒரு வாசகம். சின்ன அனலாக் மிக்ஸர் எதை எடுத்தாலும் அட்டைப்பெட்டியிலேயே போட்டிருப்பார்கள்: "லைவ், ஸ்டூடியோ இரண்டுக்கும் ஏற்றது." அந்த வாசகத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. எனக்காக ஒரு மிக்ஸர் தேர்ந்தெடுக்க நாலைந்து மாசம் மேனுவல்களாகப் படித்தேன். அந்தக் குறிப்புகளையும் சேர்த்துக் கொடுக்கிறேன். படித்தது இ.சி.இ., வயிற்றுப்பாட்டுக்கு மென்பொருள். ஒலிப்பதிவில் நான் அமெச்சூர்தான். அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

அன்றைக்கு என்ன நடந்தது

கொடைக்கு ஒரு வாரம் முன்னாடியே மைக் செட் தம்பியிடம் பேசி வைத்திருந்தேன். "உங்க மிக்ஸர்ல ரெக்கார்ட் அவுட் இருக்கும்ல, அதுல என் ரெக்கார்டரைச் சொருகிக்கிறேன்." அவரும் சரி என்றார். மேடையில் இரண்டு மைக் வைத்தார். புலவருக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று. நான் மெதுவாக, "வில்லுக்கு ஒரு மைக் வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"வில்லுச் சத்தந்தான் ஊருக்கே கேக்குல்லா அண்ணாச்சி, அதுக்கு என்னத்துக்கு மைக்கு?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கோயில் முற்றத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தருக்கும் வில்லு கேட்காமல் போகவில்லை. குரல்தான் எட்டாது, அதற்குத்தான் மைக்.

நான் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். எல்லாம் அருமையாகக் கேட்டது, வில்லும் சேர்த்து. எனக்கு அப்போது உறைக்காதது இதுதான்: மேடைக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஹெட்ஃபோன் மாட்டினால், வில்லுச் சத்தம் ரெக்கார்டரிலிருந்து வருகிறதா, காற்றில் நேராக வந்து ஹெட்ஃபோனையும் தாண்டிக் காதுக்குள் போகிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. மறுநாள் காலை வீட்டில் கேட்டபோதுதான் வயிறு கலங்கியது.

சில வாரம் கழித்து புலவர் வீட்டுக்கே போய்ப் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டார். "ஏ தம்பி, எவனோ வீட்டுல உக்காந்து மனப்பாடம் பண்ணுத மாதிரில்லா இருக்கு" என்றார். திட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகு வந்த கொடைக்கு அவர் இல்லை.

மேடை மிக்ஸ் ஒரு டிஃப்

எங்கள் தொழில் பாஷையில் சொல்கிறேன். ஒரு கோப்பில் மாற்றம் செய்தால், முழுக் கோப்பையும் அனுப்பாமல் மாறிய வரிகளை மட்டும் அனுப்புவோம். அதற்கு டிஃப் என்று பெயர். மூலக்கோப்பு உங்களிடம் ஏற்கெனவே இருந்தால்தான் டிஃப்புக்கு அர்த்தம்.

மேடைக்கான மிக்ஸும் அப்படித்தான். காற்றில் ஏற்கெனவே இருப்பதைக் கழித்து மிச்சம் எது போதவில்லையோ அதை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்புவது. சின்ன இடமாக இருக்க இருக்க, வாத்தியம் சத்தமாக இருக்க இருக்க, டிஃப் மெலிந்துகொண்டே போகும். நாகஸ்வரக் கச்சேரியின் மிக்ஸர் பதிவை வாங்கிப் பாருங்கள், தவில் காணாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். காரணம் இதே காரணம்தான்.

ஒலிப்பதிவுக்கு வேண்டியது முழுக் கோப்பு. கேட்பவன் முற்றத்தில் இல்லை, பஸ்ஸில் இருக்கிறான். அவனுக்குக் காற்றில் எதுவும் வராது.

ஆக, "இரண்டுக்கும் ஏற்றது" என்று ஒரு மிக்ஸர் சொல்ல வேண்டுமென்றால், ஒரே நேரத்தில் இரண்டு வேறு மிக்ஸை அது வெளியே தர வேண்டும். ஸ்பீக்கருக்கு டிஃப், ரெக்கார்டருக்கு முழுக் கோப்பு. திங்கட்கிழமை மேடையில், செவ்வாய்க்கிழமை வீட்டு ஸ்டூடியோவில் என்றால் எந்த மிக்ஸரும் செய்யும். இரண்டையும் ஒரே ராத்திரியில் செய்யுமா என்பதுதான் கேள்வி.

விளம்பரம் எண்ணுவதும் நாம் எண்ண வேண்டியதும்

விளம்பரத்தில் மூன்று விஷயம் பெரிதாக இருக்கும்: சானல் எண்ணிக்கை, ப்ரீஆம்ப்பின் தரம், எஃபெக்ட்ஸ் எண்ணிக்கை.

முதலில் சானல். யமஹா எம்ஜி10எக்ஸ்யூவில் "10" என்று இருக்கிறது. மைக் சொருகும் இடம் 4. மேக்கி 1202விஎல்இசட்4-ல் "12" என்று இருக்கிறது. அங்கேயும் மைக் 4தான், மிச்சம் நான்கு ஸ்டீரியோ ஜோடி லைன் உள்ளீடுகள். இது ஏமாற்று வேலை இல்லை. கீபோர்டு, லேப்டாப், சிடி பிளேயர் எல்லாம் வைத்திருப்பவருக்கு அந்த ஜோடிகள் தேவைதான். ஆனால் நம்மூர்க் கலைகளில் எல்லாமே மைக் வழியாக வருபவை. அதனால் பெயரில் இருக்கும் எண்ணை மறந்துவிட்டு, மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் ஓட்டைகளை விரல் விட்டு எண்ணுங்கள்.

இரண்டாவது ப்ரீஆம்ப். இணையத்தில் அதிகம் சண்டை நடப்பது இங்கேதான். ஒருவர் "வெதுவெதுப்பான சத்தம்" என்பார், இன்னொருவர் "இரைச்சல்" என்பார். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஷூர் எஸ்எம்58 எல்லோருக்கும் தெரிந்த மைக். 94 டெசிபல் சத்தத்துக்கு சுமார் 1.85 மில்லிவோல்ட் தரும். ஒரு பாட்டி சாதாரணமாகப் பேசுகிறார், மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அங்கே சுமார் 74 டெசிபல் என்று வைத்துக்கொள்ளலாம். 20 டெசிபல் குறைந்தால் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு. அதாவது 0.185 மில்லிவோல்ட். 0.775 வோல்ட்டை சுழியமாக வைக்கும் அளவுகோலில் இது மைனஸ் 72 டெசிபல். நல்ல ப்ரீஆம்ப்பின் உள்ளிரைச்சல் அதே அளவுகோலில் மைனஸ் 128 வாக்கில் இருக்கும், சுமாரானது மைனஸ் 124. 150 ஓம் மின்தடை ஒன்று சும்மா இருந்தாலே வெப்பத்தால் எழுப்பும் இரைச்சல் மைனஸ் 131 வரும். யாராலும் அதற்குக் கீழே பெரிதாகப் போக முடியாது.

ஆக பாட்டியின் குரலுக்கும் நல்ல ப்ரீஆம்ப் இரைச்சலுக்கும் நடுவே 56 டெசிபல் இடைவெளி. சுமாரான ப்ரீஆம்ப்பில் 52. இப்போது அறையில் மின்விசிறி சுற்றுகிறது. அதை 40 டெசிபல் என்று தாராளமாகவே குறைத்து வைத்துக்கொள்வோம். குரலுக்கும் விசிறிக்கும் இடைவெளி 34தான். விசிறியின் இரைச்சல் மோசமான ப்ரீஆம்ப்பையும் 18 டெசிபல் மூழ்கடித்துவிடுகிறது. ப்ரீஆம்ப்புக்குப் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பதைவிட எழுந்துபோய் ஸ்விட்சை அணைப்பது லாபம். கோயில் முற்றத்தில் ஜெனரேட்டர் ஓடும்போது இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது எஃபெக்ட்ஸ். எம்ஜி10எக்ஸ்யூவில் 24 வகை இருக்கின்றன. மண்டபத்தில் பாடுபவர்களுக்குக் கொஞ்சம் எக்கோ இருந்தால் தெம்பாக இருக்கும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பதிவோடு கலந்துவிட்ட எக்கோவைப் பிறகு பிரிக்க முடியாது. எனக்கு அது உப்பு மாதிரி, பிறகு போட்டுக்கொள்ளலாம்.

நாம் எண்ண வேண்டியது வாசல்களை. ஒரு மைக்கின் சத்தம் மிக்ஸரை விட்டு வெளியே போக எத்தனை வழி இருக்கிறது? அதில் மெயின் ஃபேடரைத் தொடாமல் போகும் வழி எத்தனை? இந்த விவரம் விளம்பரத்தில் இருக்காது. மேனுவலின் கடைசிப் பக்கங்களில் கட்டம் கட்டமாக ஒரு படம் இருக்கும், அதில் இருக்கும்.

வாசல்களின் வகை

மூன்று வகைதான் முக்கியம்.

ஒன்று, ஆக்ஸ் செண்ட். ஃபேடருக்கு முன்னால் பிரியும் செண்ட், பின்னால் பிரியும் செண்ட் என்று இரண்டு உண்டு. பாடுபவருக்குப் பக்கத்தில் வைக்கும் சின்னப் பெட்டிக்கு முன்னால் பிரிவதுதான் வேண்டும். இல்லாவிட்டால் வெளியே சத்தத்தைக் குறைக்கும்போதெல்லாம் பாடகருக்கும் குறைந்துவிடும். எஃபெக்ட்ஸுக்குப் பின்னால் பிரிவது வேண்டும். ஒரே ஒரு செண்ட், அதுவும் எஃபெக்ட்ஸுக்காகப் பின்னால் பிரிவது என்றால் அந்த மிக்ஸரில் தனி மானிட்டர் மிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். விலை குறைந்த பல சின்ன மிக்ஸர்கள் இங்கேதான் கை விரிக்கின்றன. பெஹ்ரிங்கர் ஸெனிக்ஸ் 1202-ல் இருப்பது பின்னால் பிரியும் ஒற்றைச் செண்ட். எம்ஜி10எக்ஸ்யூவிலும் ஒற்றைச் செண்ட்தான்.

இரண்டு, இன்சர்ட். கம்ப்ரஸர் மாதிரி வெளிக் கருவியை நடுவில் சொருகுவதற்காக வைத்த ஓட்டை. ஒரே ஜாக்கில் போவதும் வருவதும். கெயினுக்குப் பின்னால், ஈக்யூவுக்கும் ஃபேடருக்கும் முன்னால் பிரியும். ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாக ரெக்கார்டருக்கு எடுக்க இதைவிட நல்ல வாசல் இல்லை. மேக்கி மேனுவலிலேயே இந்த வித்தை இருக்கிறது: சாதாரண மோனோ பிளக்கை ஒரே ஒரு 'கிளிக்' வரை சொருகினால் சத்தம் வெளியேயும் வரும், மிக்ஸர் வழியாகவும் போகும். முழுக்கச் சொருகினால் மிக்ஸர் வழி அறுந்துவிடும். கூட்டத்தில் யார் கால் பட்டாலும் பிளக் உள்ளே போய்ப் புலவர் ஊமையாகிவிடுவார். அதனால் ஸ்டீரியோ பிளக் எடுத்து, முனையையும் நடு வளையத்தையும் சேர்த்துப் பற்றவைத்து முழுசாகச் சொருகுங்கள். பத்து நிமிஷ வேலை.

மூன்று, இரண்டாவது பஸ். மேக்கியின் 1202-ல் மியூட் பொத்தானை அமுக்கினால் அந்தச் சானல் வெறுமனே ஊமையாவதில்லை. மெயினை விட்டு விலகி "ஆல்ட் 3-4" என்ற வேறு ஜோடி வாசல் வழியாக வெளியே போகும். முதல்முறை பார்ப்பவருக்கு இது குழப்பம். ஆனால் ஸ்பீக்கருக்குப் போகக்கூடாது, ரெக்கார்டருக்கு மட்டும் போக வேண்டும் என்கிற மைக்குக்கு இதுதான் வாசல்.

நான் பார்த்த பெட்டிகள்

எம்ஜி10எக்ஸ்யூ. கையில் எடுத்தவுடன் பிடித்துப்போகும். இரண்டு சானலில் ஒரே குமிழில் வேலை செய்யும் கம்ப்ரஸர், புதிதாகக் கற்பவருக்கு நல்ல உதவி. யூஎஸ்பியில் 192 கிலோஹெர்ட்ஸ் வரை பதியலாம். ஆனால் யூஎஸ்பி இரண்டு தடம்தான், போவது மெயின் மிக்ஸ். 192 கிலோஹெர்ட்ஸில் பதிந்தாலும் இல்லாத வில் இல்லாததுதான். தனியாக உட்கார்ந்து பாட்காஸ்ட் பதிகிறவருக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். எனக்கு ஆகாது.

சவுண்ட்கிராஃப்ட் நோட்பேட் 12எஃப்எக்ஸ், ஆலன் அண்ட் ஹீத் செடிஐ 10. இரண்டிலும் யூஎஸ்பி நான்கு உள்ளே, நான்கு வெளியே. பிரச்சினையைப் புரிந்துகொண்டவர்கள் செய்த பெட்டிகள் என்று சொல்லலாம். வீட்டில் பதிகிறவர்களுக்கு இந்த விலை வட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான். எனக்கிருந்த தயக்கம் லேப்டாப். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடக்கும் கொடையில், ஜெனரேட்டர் மின்சாரத்தில், சாம்பிராணிப் புகையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக் காவல் இருக்க என்னால் முடியாது. லேப்டாப் சார்ஜர் சேர்ந்தால் எர்த் சுற்று ஒன்று உருவாகி 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

எஸ்எஸ்எல் சிக்ஸ். 2018-ல் வந்தது. பெரிய ஸ்டூடியோ கன்சோலின் குணங்களை மேஜை அளவுக்குச் சுருக்கியது. 100 மில்லிமீட்டர் ஃபேடர், பஸ் கம்ப்ரஸர், எல்லாம் ராஜமரியாதை. மைக் ப்ரீஆம்ப் இரண்டே இரண்டு. விலை மற்றவற்றைவிடப் பல மடங்கு. இது ஸ்டூடியோவில் இருப்பவர் மேஜைக்கு வாங்குவது. 2021-ல் வந்த பிக் சிக்ஸில் மைக் நான்கு, யூஎஸ்பியில் 16 தடம். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு கொடைக்குப் போக எனக்குத் தைரியமும் இல்லை, காசும் இல்லை.

மேக்கி 1202விஎல்இசட்4. கிரெக் மேக்கி 1988-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கிய கம்பெனி. மேடைக்கும் வீட்டு ஸ்டூடியோவுக்கும் ஒரே பெட்டி என்கிற எண்ணத்தைப் பரப்பியதில் அவர்களுடைய சிஆர்-1604-க்குப் பெரிய பங்கு உண்டு. 1202 அதே குடும்பத்துத் தம்பி. இதில் யூஎஸ்பி கிடையாது, எஃபெக்ட்ஸ் கிடையாது. விளம்பரக் கணக்கில் எல்லாவற்றிலும் தோற்கும். ஆனால் நான்கு மைக்குக்கும் இன்சர்ட், இரண்டு செண்ட், அதில் முதலாவதை முன்னா பின்னா என்று மாற்றப் பொத்தான், ஆல்ட் 3-4. வாசல் கணக்கில் இதுதான் முதலிடம். பவர் சப்ளை உள்ளேயே இருப்பதால், கேபிள் தொலைந்தாலும் எந்த ஊர்க் கம்ப்யூட்டர் கடையிலும் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். வெளி அடாப்டர் வைத்த பெட்டிக்கு அடாப்டர் தொலைந்தால் அன்றைக்கு ராத்திரி கச்சேரி காலி.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஃபேடர் கிடையாது, எல்லாம் குமிழ். இருட்டில் எந்தக் குமிழ் எங்கே நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரியாது. நடு ஈக்யூ 2.5 கிலோஹெர்ட்ஸில் நிலையாக நிற்கிறது, நகர்த்த முடியாது. குழாய் ஸ்பீக்கர் ஊளையிடும் இடம் வேறாக இருந்தால் இந்த ஈக்யூவால் பிரயோஜனம் இல்லை. பேண்டம் பவர் எல்லா மைக்குக்கும் சேர்த்து ஒரே ஸ்விட்ச். ஒழுங்காகச் செய்த கேபிளில் சாதாரண டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட் ஒன்றும் செய்யாது. ஆனால் நம்மூரில் மூன்றாவது பின்னை எர்த்தோடு சேர்த்துப் பற்றவைத்த கேபிள்கள் உண்டு. அப்போது சுமார் 7 மில்லி ஆம்பியர் மைக்கின் சுருள் வழியாக ஓடும், சத்தம் சப்பென்று ஆகிவிடும். ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னால் மைக் செட்காரரின் கேபிளை மீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது.

டிஜிட்டல் ஏன் இல்லை?

நியாயமான கேள்வி. டாஸ்காம் மாடல் 12 எஸ்டி கார்டிலேயே 12 தடம் பதியும், லேப்டாப்பே வேண்டாம். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18-ஐ டேப்லெட்டில் இயக்கலாம், யூஎஸ்பி வழியாக 18 தடம் தரும். வாசல் கணக்கை மட்டும் பார்த்தால் இவை எல்லா அனலாக் பெட்டியையும் தோற்கடிக்கும். உங்கள் குழுவில் மிக்ஸரை நீங்களே இயக்குவீர்கள் என்றால் இவற்றை வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன்.

என் நிலைமை வேறு. கொடையில் மிக்ஸர் பக்கத்தில் நிற்பது நான் இல்லை, மைக் செட் தம்பி. அது அவர் வேலை, அவர் இடம். நான் விருந்தாளி. அவர் கையில் டேப்லெட்டைக் கொடுத்து "இந்தப் பக்கத்துக்குப் போய், இதைத் தொட்டு..." என்று சொன்னால், விசில் அடிக்கும் நேரத்தில் அவர் என்ன செய்வார்? அனலாக் பெட்டியில் ஒரு குமிழுக்கு ஒரு வேலை. அவர் கை தானாகப் போகும். அனலாக்கின் "இனிமை" பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. என் காரணம், முன்பின் பார்க்காதவரும் ஐந்து நிமிஷத்தில் ஓட்டலாம் என்பது மட்டும்தான்.

அடுத்த கொடை

1202-ஐ வாங்கி அடுத்த சித்திரைக்குக் கொண்டுபோனேன். புலவரின் மாணவர் குழு பாடியது. முதல் சானல் பாடகர், இரண்டாவது பின்பாட்டு. மூன்றும் நான்கும் ஒரு ஜோடி கண்டன்ஸர் மைக், முழங்கால் உயரத்தில், வில்லையும் குடத்தையும் பார்த்து. 3, 4 இரண்டிலும் மியூட் அமுக்கி ஆல்ட் வழியாக ரெக்கார்டருக்கு. 1, 2 இன்சர்ட் வழியாக ரெக்கார்டருக்கு. மெயின் வாசலில் மைக் செட் தம்பியின் ஆம்ப்ளிஃபையர். ஆக நான்கு தனித் தடம். அவர் ஸ்பீக்கர் சத்தத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் 1, 2 தடங்கள் அசையாது. கெயின் குமிழ் மட்டும் இன்சர்ட்டுக்கு முன்னால் இருப்பதால் அதைத் தொட்டால் பதிவும் மாறும். அதனால் மேல் வரிசையிலும், 3, 4 சானல் லெவல் குமிழ்களிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன்.

"என்ன அண்ணாச்சி, நம்மமேல நம்பிக்கை இல்லியா?" என்றார் தம்பி.

"என்மேலதான் நம்பிக்கை இல்ல தம்பி" என்றேன். உண்மையும் அதுதான்.

அந்தப் பதிவில் வில்லு இருக்கிறது. மணி ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கிறது. குடத்தின் வாயில் பத்தி விழும் 'தொம்' நெஞ்சில் இறங்குகிறது. ஆனால் பாடுவது அவர் இல்லை.

பழைய பதிவை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எங்கள் அக்கா பையன் அன்றைக்கு முற்றத்தில் உட்கார்ந்து ஃபோனில் நாற்பது நிமிஷம் வீடியோ எடுத்திருந்தான். ஃபோன் காற்றில் இருப்பதைத்தானே பதியும், அதில் வில்லு இருந்தது. மூலக்கோப்பு கிடைத்துவிட்டது, டிஃப் என்னிடம் இருக்கிறது. ஜால்ராவின் தட்டலை அடையாளமாக வைத்து இரண்டையும் ஒட்டினேன். மேடையிலிருந்து 12 மீட்டர் தூரம் சத்தம் வர சுமார் 35 மில்லிசெகண்ட், முதலில் அதைத் தள்ளினேன். இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓடாததால் நாற்பது நிமிஷத்தில் பத்தில் ஒரு செகண்டுக்கு மேல் விலகியது, அதையும் துண்டு துண்டாகச் சரி செய்தேன். ஃபோன் தானாகச் சத்தத்தை ஏற்றி இறக்குவதால் குடம் விழும்போதெல்லாம் மற்றதெல்லாம் பதுங்கும், அதற்கு வைத்தியம் இல்லை. இருந்தாலும் நாற்பது நிமிஷத்துக்கு அது வில்லுப்பாட்டு. மிச்ச இரண்டு மணி நேரம் மனப்பாடம்தான்.

ஆகவே வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று. மேனுவலை இறக்கி அந்தக் கட்டப் படத்தைத் திறங்கள். மைக் உள்ளீட்டில் விரலை வையுங்கள். மெயின் ஃபேடரைத் தாண்டாமல் விரல் வெளியே போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் "இரண்டுக்கும் ஏற்றது" உண்மை. முடியாவிட்டால் ஒன்றுக்கு ஏற்றது, அது நல்ல பெட்டியாகவே இருந்தாலும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது இன்னொன்று, இதற்குக் காசு வேண்டாம். பாட்டு ஆரம்பித்ததும் ஒரு நிமிஷம் பதிந்து, ரெக்கார்டரிலிருந்து கார்டைக் கழற்றி வேறு கார்டு போட்டுவிடுங்கள். கழற்றிய கார்டை எடுத்துக்கொண்டு சத்தம் எட்டாத தூரத்துக்கு நடந்துபோய், அங்கே நின்று கேளுங்கள். அன்றைக்கு நான் நடந்திருக்க வேண்டிய தூரம் எங்கள் ஊர்ப் பஸ் ஸ்டாப் வரைக்கும்தான்.